இரண்டே கோஷ்டிகளா?

கேள்வி: துப்பறியும் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அமைதியான புறநகர்ப் பகுதி. பூட்டிய வீட்டுக்குள் பிராணிகள் நலச் சங்கத்தின் செயலாளர் கொலையுண்டு கிடக்கிறார். சங்கத்தில் இரண்டு கோஷ்டிகள். கொன்றவர் சங்கத்தைச் சேர்ந்தவர்தான். ‘ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்கள் மனிதரைக் கொல்வார்களா, நம்பும்படி இல்லையே’ என்கிறார் படித்துப் பார்த்த நண்பர். தங்கள் கருத்து?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: நம்பும்படி இல்லாதது கொலை அல்ல ஐயா, அந்த ‘இரண்டு கோஷ்டிகள்’தான். இரண்டே கோஷ்டிகளோடு ஒரு சங்கம் நடக்கிறதென்றால் அதில் உறுப்பினர்களே இரண்டு பேர்தான் என்று அர்த்தம். தலைவர் கோஷ்டி, தலைவராக இருந்தவர் கோஷ்டி, தலைவராகியிருக்க வேண்டியவர் கோஷ்டி என்று மூன்று எந்தச் சங்கத்துக்கும் உண்டு. பிராணிகள் நலச் சங்கமென்றால் அதற்கு மேல் நாய்க்காரர்கள், பூனைக்காரர்கள்; அப்புறம் எந்தத் தீர்மானம் வந்தாலும் ‘கழுதைகளுக்கு என்ன செய்தீர்கள்?’ என்று எழுந்து நிற்கும் ஒரே ஒருவர். அந்த ஒருவர் உங்கள் நாவலில் இருக்கிறாரா? இல்லையென்றால் உடனே சேருங்கள். விசாரணையில் எல்லோரும் பொய் சொல்லும்போது உண்மையைச் சொல்லப்போகிறவர் அவர்தான். யாரும் காது கொடுக்கப்போவதில்லை.

கோஷ்டிக்குச் சரித்திரச் சான்று வேண்டுமென்றால் ஆரம்பத்துக்கே போகலாம். இன்றைய ஆர்.எஸ்.பி.சி.ஏ., 1824-இல் லண்டனில் ஒரு காபிக் கடையில் கூடிப் பேசி ஆரம்பித்த பிராணிவதைத் தடுப்புச் சங்கம். முதல் செயலாளர் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார். சந்தையில் மாடுகளை வதைப்பவர்களைக் கண்காணிக்கத் தன் கைப்பணத்தைப் போட்டு ஆள் வைத்தார். 1826-இல் சங்கத்தின் கடனுக்காகச் சிறைக்குப் போனவரும் அவர்தான். அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர் லூயிஸ் கோம்பெர்ட்ஸ். இறைச்சி தொடமாட்டார், பாலும் தொடமாட்டார், குதிரை பூட்டிய வண்டியில் ஏறமாட்டார். பிராணிகளுக்கு இவரைவிட வேண்டப்பட்டவர் அந்தச் சங்கத்திலேயே கிடையாது. 1832-இல், இது கிறிஸ்தவக் கொள்கைகளின்மேல் நிற்கும் சங்கம் என்று குழுவினர் தீர்மானம் போட்டார்கள். கோம்பெர்ட்ஸ் யூதர். வெளியேறி வேறு சங்கம் தொடங்கினார். குதிரைகளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

பிரான்செஸ் பவர் காப் என்றொரு அம்மையார். விலங்குகளை உயிரோடு அறுத்துச் சோதிப்பதை எதிர்த்து 1875-இல் அவர் சங்கம் கண்டார். முழுத் தடை கிடைக்கிறவரை சிறுசிறு கட்டுப்பாடுகளையாவது கேட்டு வாங்குவோம் என்று 1898-இல் அதே சங்கம் முடிவெடுத்தது. எழுபத்தைந்து வயதில் அம்மையார் விலகிப் போய் இன்னொரு சங்கம் தொடங்கினார். இரு தரப்புக்கும் அறுவைக் கத்தி பிடித்தவன்தான் பொது எதிரி. ஆனாலும் பிரிந்தது பிரிந்ததுதான்.

இவர்களில் ஒருவருக்கும் பிராணிகள்மேல் அன்பு குறைவில்லை. எதிராளியின் அன்பு போதாது என்பதுதான் சண்டை. சொத்துக்காக அடித்துக்கொள்பவன் பாதி கிடைத்தால் சமாதானமாகிவிடுவான். இவர்களுக்குப் பாதி கொடுத்துப் பாருங்கள்!

உங்கள் நாவலில் போலீஸாருக்கு இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. காப்பகம் நடத்துபவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. வருகிற பிராணி எதையும் திருப்பி அனுப்பமாட்டோம், இடமும் பணமும் தீர்ந்தால் பிழைக்க வழியில்லாதவற்றைக் கருணைக்கொலை செய்வோம் என்பது ஒரு கட்சி. எதையும் கொல்லமாட்டோம், இடமில்லையென்றால் வாசலிலேயே ‘இல்லை’ என்போம் என்பது மறு கட்சி. முதல் கட்சியை இரண்டாம் கட்சி ‘கொலைகாரர்கள்’ என்கிறது. ‘நீங்கள் வாசலில் விரட்டியதைத்தானே நாங்கள் கொல்கிறோம், பாவத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவுகிறீர்களே’ என்கிறது முதல் கட்சி. ஆக, செயலாளரைப் பார்த்து ‘கொலைகாரா’ என்று கத்தியவர் யார் என்று இன்ஸ்பெக்டர் விசாரித்தால், போன மாதக் கூட்டத்துக்கு வந்த அத்தனை பேரும் கை தூக்குவார்கள். அதில் இறந்துபோன செயலாளரும் அடக்கம்.

அந்த மருந்து அலமாரியை மட்டும் தொடாதீர்கள். கருணைக்கொலை மருந்து பூட்டில் இருக்கும், மில்லி மில்லியாகப் பதிவேட்டில் ஏறியிருக்கும், எழுதிப் பழகாதவர்கள் எல்லோரும் நேரே அதைத்தான் திறப்பார்கள். நீங்கள் திறக்கவேண்டியது நடவடிக்கைப் புத்தகத்தை. நான் பல காலமாகச் சொல்லிவருகிறேன், துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் கைரேகையைப் படித்த அளவுக்குக் கூட்ட நடவடிக்கைகளைப் படிப்பதில்லை. ‘தீர்மானம் 4: பூனைக்கூடத்துக்கு வாங்கிய தட்டுகள் நாய்க்கூடத்தில் காணப்பட்டது குறித்து விளக்கம் கேட்பது. ஒத்திவைக்கப்பட்டது.’ அடுத்த மாதமும் ஒத்திவைக்கப்பட்டது. அதற்கடுத்த மாதம் ‘ஒத்திவைக்க’ என்பதை அடித்துவிட்டு, வேறு மையில், வேறு கையெழுத்தில், ‘கைவிட’ என்று எழுதி ‘கைவிடப்பட்டது’ ஆக்கியிருக்கிறது. ரத்தக்கறை எதற்கு ஐயா இனி?

இதைப் படித்ததும் நம் பழைய விமர்சக நண்பர், ‘கொலைக்கதைக்கெல்லாம் ஒரு பக்கமா?’ என்று வழக்கம்போல் கடிதம் போடுவார். அவர் தலைமை தாங்கும் இலக்கிய அமைப்பு உடைந்து மூன்றாகிவிட்டது. மூன்றுக்கும் அதே பெயர், அதே முத்திரை. அங்கே இன்னும் கொலை விழாதது உறுப்பினர்களின் சோம்பலால்தான் என்பது என் துணிபு.

உறுப்பினர் படிவத்தையும் மறந்துவிடாதீர்கள். நரி வேட்டைக்காரர்கள் ஆர்.எஸ்.பி.சி.ஏ.-வில் சந்தா கட்டிச் சேர்ந்து, உள்ளே இருந்தபடியே வேட்டை எதிர்ப்புக் கொள்கையை மாற்றப் பார்த்தார்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. விஷயம் நீதிமன்றம்வரை போய், கொள்கையைக் கவிழ்க்க வருகிறவர்களைச் சேர்க்காமலிருக்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்று 2001-இல் தீர்ப்பானது. உங்கள் செயலாளரின் மேஜையில் நிராகரிக்காமலும் ஏற்காமலும் கிடக்கும் ஐம்பது விண்ணப்பங்களை வையுங்கள். கதை தானாக நடக்கும்.

உங்கள் நண்பரின் கேள்விக்கு இனி வருகிறேன். ஈ எறும்புக்கு இரங்குகிறவன் மனிதருக்கும் இரங்குவான் என்று யார் சொன்னது? மயிலுக்குக் குளிருமே என்று போர்வை போர்த்திய பேகனைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். புறநானூற்றில் அதே பேகனைத் தேடி ஒருவர் பின் ஒருவராக நான்கு புலவர்கள் வருவதை ஏனோ பள்ளிக்கூடத்தில் சொல்வதில்லை. அவர்கள் பரிசில் கேட்டு வரவில்லை. மனைவியைத் தனியே அழவிட்டு வேறிடத்தில் இருந்தவனிடம், வீட்டுக்குப் போ என்று கெஞ்ச வந்தார்கள். பரணர், ‘நான் பசித்து வரவில்லை, எனக்குப் பொருள் வேண்டாம், இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர், அதுதான் நான் கேட்கும் பரிசில்’ என்கிறார். மயிலுக்குக் கிடைத்த போர்வை அந்த அம்மாளுக்குக் கிடைக்கவில்லை. இன்னும் ஒரு படி மேலே போனவர் மனுநீதிச் சோழர்: ஒரு கன்றுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டார், அந்தக் காரியத்தைச் செய்ய மனமில்லாத அமைச்சர் தன் உயிரையே விட்டார். இறைவன் தோன்றிக் கன்று உள்பட மூவரையும் எழுப்பிவிட்டதால் வழக்கு பதிவாகவில்லை.

புறநகர் மர்மம் என்றீர்களே, அதிலும் எச்சரிக்கை. லண்டனின் தெற்கே க்ராய்டன் பகுதியில் தலையும் வாலும் துண்டிக்கப்பட்ட பூனைகள் வீட்டு வாசல்களில் கிடந்தன. ‘பூனைக் கொலையாளி’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. போலீஸார் 2015 முதல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தேடி, 2018-இல் கோப்பை மூடினார்கள். கொலையாளி என்று ஒருவர் இல்லவே இல்லை. வாகனத்தில் அடிபட்டுச் செத்த பூனைகளை நரிகள் கடித்துத் துண்டாக்கியிருந்தன. பல காலம் அலைந்து பூனைகளின் உடல்களைச் சேகரித்த பிராணி நேசர்கள் இந்த முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. மனிதன்தான் செய்திருப்பான் என்று நம்பி உழைத்தவர்களிடம் போய் நரி என்றால் ஒப்புக்கொள்வார்களா? அந்த ஏமாற்றத்தை எழுதத் தெரிந்தால் உங்கள் நாவலுக்கு வேறு கொலையே வேண்டாம்.

கடைசியாக அந்தப் பூட்டிய வீடு. அதை எடுத்துவிடுங்கள். பூனை வளர்க்கும் செயலாளரின் வீட்டுச் சாவி, அவர் வெளியூர் போனபோதெல்லாம் பூனைக்குச் சாப்பாடு வைக்க வந்த அத்தனை கோஷ்டிக்காரர்களிடமும் ஆளுக்கொன்று இருக்கும். யார் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் இன்ஸ்பெக்டருக்கு வேண்டும். அது செயலாளருக்கு மட்டும்தான் தெரியும்.