சிப் இயந்திரக் கம்பெனிகளின் வருமானம் இனி ஏறிக்கொண்டேதான் போகுமா?

செயற்கை நுண்ணறிவுக்காக உலகமே சிப் கேட்கிறது, அப்படியானால் ஏஎஸ்எம்எல், லாம் ரிசர்ச், அப்ளைடு மெட்டீரியல்ஸ் போன்று சிப் ஆலைகளுக்கு இயந்திரம் செய்து விற்கும் கம்பெனிகளின் பங்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தாண்டுக் கணக்கில் வருமானம் ஏறும் என்றே நானும் நினைக்கிறேன். கண்ணை மட்டும் மூட வேண்டாம்.

நான் கோவையில் நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் விற்பவன். நூலுக்கு நல்ல விலை கிடைக்கும்போது மில்காரர்கள் புது ரிங் ஃப்ரேமுக்கு (நூல் நூற்கும் இயந்திரம்) முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். விலை சரிந்தாலும் மில் ஓடும், உதிரிபாகமும் வாங்குவார்கள்; புது இயந்திர ஆர்டர்தான் முதலில் நிற்கும். சிப் தொழிலும் இதே கதைதான். 2023 ஜூனில் முடிந்த நிதியாண்டில் லாம் ரிசர்ச்சின் வருமானம் 17.4 பில்லியன் டாலர். அடுத்த ஆண்டு 14.9. செயற்கை நுண்ணறிவு அலை கிளம்பிவிட்ட காலம்தான் அது. ஆனால் போன், கணினி விற்பனை படுத்ததால் மெமரி சிப் செய்பவர்கள் ஆலைச் செலவைச் சுருக்கிவிட்டார்கள்.

போட்டியே இல்லாத கம்பெனிக்கும் இதிலிருந்து விலக்கில்லை. சிப்பில் மிக நுண்ணிய கோடுகளைப் புற ஊதா ஒளியால் பதிக்கும் இயுவி லித்தோகிராஃபி இயந்திரத்தை உலகில் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான் செய்து விற்கிறது. அப்படியிருந்தும் 2024 அக்டோபரில் காலாண்டு ஆர்டர் 2.6 பில்லியன் யூரோதான் என்று தெரிந்த அன்று பங்கு சுமார் 16 சதவீதம் விழுந்தது. சந்தை எதிர்பார்த்த ஆர்டரில் அது பாதிகூட இல்லை. 2030இல் வருமானம் 44 முதல் 60 பில்லியன் யூரோவுக்குள் இருக்கும் என்கிறது அந்தக் கம்பெனி. ஆர்டர் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்களே 16 பில்லியன் இடைவெளி விட்டுத்தான் சொல்கிறார்கள். யூடியூபில் ஒருவர் ஒற்றை எண்ணைச் சொன்னால் வீடியோவை நிறுத்திவிடுங்கள்.

நான் முதலில் பார்ப்பது வாங்குபவர்களின் செலவுத் திட்டத்தை. மற்ற கம்பெனிகளுக்குச் சிப் செய்து தரும் தைவானின் டிஎஸ்எம்சி 2024இல் சுமார் 30 பில்லியன் டாலர் மூலதனச் செலவு செய்தது. 2025க்கு 38 முதல் 42 பில்லியன் என்று ஜனவரியிலேயே அறிவித்தது. இயந்திரக் கம்பெனிகளின் வருமானம் இந்தப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். அடுத்து, உதிரிபாகமும் சேவையும். லாம் ரிசர்ச்சின் 2024 நிதியாண்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அந்தப் பிரிவிலிருந்து வந்தது. மந்தத்திலும் அடுப்பு எரிவது அதனால்தான் (என் தொழில் பாசமும் கொஞ்சம் இதில் உண்டு).

எனக்குப் பெரிய தயக்கம் சீனா. 2024இன் முதல் இரு காலாண்டுகளிலும் ஏஎஸ்எம்எல் இயந்திர விற்பனையில் 49 சதவீதம் அங்கேதான் போனது. சீனாவுக்கு இந்த இயந்திரங்களை விற்பதன் மேல் 2022 அக்டோபரிலிருந்து அமெரிக்கக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டே வருகின்றன, சீனாவும் சொந்தமாக இயந்திரம் செய்யப் பணத்தைக் கொட்டுகிறது. ஆகவே அந்த வருமானத்தை வருங்காலக் கணக்கில் முழுதாகச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

சூலூரிலும் பல்லடத்திலும் செமிகண்டக்டர் பூங்கா என்று 2025-26 மாநில பட்ஜெட்டில் வந்த அறிவிப்பையும் குறிப்பிட்டிருந்தீர்கள். நம் ஊருக்கு நல்ல செய்தி. இந்தப் பங்குகளின் வருமானத்தை அது இப்போதைக்கு அசைக்காது. அதைக் காட்டி நிலத்தரகர்கள் சொல்லும் விலையைத்தான் அசைக்கும்.

வாங்குவதென்றால் ஒரே தவணையில் வேண்டாம். ஆர்டர் குறைந்தது என்ற செய்தி வரும் காலாண்டுகளுக்கென்று பாதிப் பணத்தையாவது ஒதுக்கி வையுங்கள்.