வாசகர் கேள்வி: பனியாறுகளை ஒட்டிச் செல்லும் சாலை

கேள்வி: கனடாவின் ராக்கி மலைப்பகுதியில், லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை குடும்பத்துடன் காரில் செல்ல எண்ணியுள்ளோம். எந்த மாதம் உகந்தது? ஒரு நாள் போதுமா?

பதில்: ஏறத்தாழ 230 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையை அரை நாளில் கடந்துவிடலாம் என்றாலும், இறங்கி நின்று பார்க்க வேண்டிய இடங்கள் ஏராளம் என்பதால் இரண்டு நாள்களை ஒதுக்குங்கள் என்றே வற்புறுத்துவேன். ஜூன் தொடக்கத்தில் பெய்ட்டோ போன்ற உயரமான ஏரிகள் இன்னும் உறைந்து கிடக்கக்கூடும். ஆகவே ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரையிலான காலமே சிறந்தது. அப்போது இந்த ஏரிகள் பளிச்சென்ற நீலப்பச்சை நிறத்தில் இருக்கும். அதற்குக் காரணம் பனியாறுகளே: பனியாறு நகரும்போது தன் அடியிலுள்ள பாறையை மாவாக அரைக்கிறது. வெயிலில் உருகியோடும் நீர் அதை ஏரியில் கொண்டு சேர்க்க, அடியில் படியாமல் மிதக்கும் நுண்துகள்கள் நீல, பச்சை ஒளியைச் சிதறடிப்பதால்தான் கண்ணைப் பறிக்கும் அந்த நிறம் உண்டாகிறது. பெய்ட்டோ ஏரியை மேலிருந்து பார்க்கும்போது அதன் தலைப்பகுதியைக் கவனியுங்கள். சரளைத் திட்டின் மீது பல கிளைகளாகப் பிரிந்து வரும் கலங்கிய ஓடை, ஏரிக்குள் புகுந்து கரையும் இடம் தெளிவாகத் தெரியும்.

புறப்படும் முன் பெட்ரோல் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். இடைவழியில் சஸ்காட்செவன் கிராஸிங்கை விட்டால் வேறு நிலையம் இல்லை. பெரும்பகுதியில் கைப்பேசி வேலை செய்யாது என்பதால் வரைபடத்தையும் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: பிள்ளைகள் இச்சாலையை ஒட்டியுள்ள அத்தபாஸ்கா பனியாற்றின் மீது நடக்க ஆசைப்படுகிறார்கள். நாங்களாகவே ஏறலாமா?

பதில்: தயவுசெய்து ஏறாதீர்கள். மேலே படிந்த பனி ஆழமான பிளவுகளை மூடி மறைத்திருக்கும். அவற்றில் விழுந்தவர்கள், மீட்புக் குழுவினர் வந்து தூக்குவதற்குள் குளிரில் விறைத்து உயிரிழந்திருக்கிறார்கள். உரிமம் பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லும் நடைப்பயணங்கள் இருக்கும்போது, தடுப்புக் கயிற்றைத் தாண்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அடிவாரம் வரை செல்லும் பாதையே பிள்ளைகளுக்குப் போதிய அனுபவத்தைத் தரும் என்பது என் எண்ணம். வழிநெடுக ஆண்டு பொறித்த பலகைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் அந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்பதைக் காட்டுகிறது. கடந்த 125 ஆண்டுகளில் இப்பனியாறு 1.5 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. தாங்கள் பிறந்த ஆண்டில் பனி எங்கே முடிந்திருக்கும் என்று பிள்ளைகளையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பாடநூலில் படித்த புவி வெப்பமயமாதலை அங்கே காலால் அளந்துவிடுவார்கள். ஜூலையிலும் பனியின் மேலிருந்து இறங்கும் காற்று உடம்பை ஊடுருவும் என்பதால், கனத்த மேற்சட்டைகளை மறவாதீர்கள்.

கேள்வி: சாலையோரம் கரடியைக் கண்டால் இறங்கிப் படம் எடுக்கலாமா?

பதில்: கூடாது. காரை விட்டு இறங்காமல், நின்று வழியை அடைக்காமல், மெல்லக் கடந்துவிடுங்கள். நடந்து செல்லும்போது எதிர்ப்பட்டால் குறைந்தது 100 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். ஒருபோதும் உணவு கொடுக்காதீர்கள். மனிதரிடம் தின்னப் பழகிவிட்ட கரடி பெரும்பாலும் கொல்லப்படுகிறது.