சாயங்கால அழுகைக்குத் தண்ணீர் மருந்தா?

கேள்வி: என் இரண்டு மாதக் குழந்தை பொழுது சாய்ந்தாலே வீறிட்டு அழுகிறான். தாகமாக இருக்கும், தண்ணீர் கொடு என்கிறார் அத்தை. கொடுக்கலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: வேண்டாம். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. அதில் பெரும்பகுதி தண்ணீர்தானே! தண்ணீரால் வயிறு நிரம்பினால் பால் குடிப்பது குறையும். நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது. கான்கிரீட் கூரை சாயங்காலம்தான் அனல் கக்கும். சட்டையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் தோளில் போட்டு நடங்கள். இந்த அழுகை 6 வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், 3-4 மாதத்தில் பெரும்பாலும் அடங்கும். உங்களுக்கே பொறுமை போனால் சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்து, 5 நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். குலுக்கவே கூடாது, மூளையில் ரத்தம் கசியலாம். காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், நேரே மருத்துவரிடம்.