இன்னும் கொஞ்சம் பக்கத்தில்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று பதினோரு வருடமாக இதுதான் தொழில். எனக்குத் தெரிந்த பைலட் ஒருவர், தன் நண்பரின் இரண்டு சீட் விமானத்தை அது பறக்கும்போதே இன்னொரு விமானத்தில் இருந்து படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்கிறார். என்னிடம் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கிறது. தரையில் என்ஜின் ஓடும்போது ஷட்டரை 1/1000 நொடியில் வைத்து எடுத்துப் பார்த்தேன், புரொப்பல்லர் நின்றுபோன மாதிரி விழுகிறது. ஷட்டர் எவ்வளவு வைப்பது? அந்த விமானத்தை எவ்வளவு பக்கத்தில் வரச் சொல்வது? டிரோனில் எடுத்தால் போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ச., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ச.,

டிரோன் வேண்டாம். நம் விதிகளில், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்திலேயே 120 மீட்டர் உயரம்தான் அதற்கு எல்லை. ஆள் இருக்கும் விமானத்தின் பக்கத்தில் அதைப் பறக்கவிடவே கூடாது.

ஷட்டருக்கு வருகிறேன். சிறு விமானத்தின் புரொப்பல்லர் நிமிடத்துக்குச் சுமார் 2400 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 40 சுற்று. 1/1000இல் அது 14 டிகிரிதான் நகரும், அதனால்தான் நின்றுபோனதாகத் தெரிகிறது. பறக்கிற விமானத்தை அப்படிப் பார்த்தால் என்ஜின் அணைந்து கீழே வருகிறது என்றே மனதுக்குப் படும். 1/80இல் சரியாக அரைச் சுற்று. இரண்டு இலை என்றால் ஆளுக்குப் பாதியாக முழு வட்டமும் நிறைந்துவிடும். பழைய சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் ஓட்டத்தில் மறைவதைப்போல, இலை மறைந்து ஒரு மெல்லிய தட்டு மட்டும் நிற்கும். அந்தத் தட்டுக்காகத்தான் எல்லோரும் ஏங்குகிறோம்.

ஏக்கத்தோடு சிக்கலும் ஆரம்பிக்கிறது. 1/80இல் கை ஆட்டம் படத்தைக் கெடுக்கும், லென்ஸ் நீள நீள இன்னும் கெடுக்கும். அதனால் 200இல் இருந்து 70க்கு வந்துவிடுவீர்கள். 70இல் விமானம் சின்னதாகத் தெரியும். உடனே வாய் தானாகச் சொல்லும், “இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.”

நான் சொல்லியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு பின் சீட்டில் இருந்தபடி ஹெட்செட்டில் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை வியூஃபைண்டரில் இறக்கையின் ரிவெட்டுகளை எண்ண முடிந்தது, மகிழ்ச்சியில் அழுத்திக்கொண்டே இருந்தேன். “போதும் சார், கேமராவை மடியில வைங்க” என்றார் எங்கள் பைலட். கண்ணை எடுத்துப் பார்த்தேன். நான் படமெடுத்துக்கொண்டிருந்த எதிர் விமானத்தின் இறக்கை நுனி, எங்கள் வாலுக்கு நான் நினைத்திருந்த தூரத்தில் பாதிகூட இல்லை. அந்த எதிர் விமானத்தின் பைலட் என்னை நம்பி, நான் சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்திருக்கிறார். கீழே இறங்கிய பிறகும் வெகுநேரம் என் கை நடுங்கியது.

1966 ஜூன் 8 அன்று கலிபோர்னியாவில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் விளம்பரப் படத்துக்காக ஐந்து விமானங்கள் அணியாகப் பறந்தன. நடுவில் எக்ஸ்பி-70 என்ற ராட்சத விமானம், பக்கத்தில் எஃப்-104 என்ற சிறிய போர் விமானத்தில் ஜோ வாக்கர். 1963இல் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேலே போய்வந்தவர் அவர். பெரிய விமானத்தின் இறக்கை நுனியில் சுழலும் காற்றில் எஃப்-104 சிக்கிப் புரண்டு, எக்ஸ்பி-70இன் வால்களின் மேல் விழுந்தது. வாக்கரும் எக்ஸ்பி-70இல் இருந்த கார்ல் கிராஸும் இறந்தார்கள். அவ்வளவு தேர்ந்த கையாலும் அந்தக் காற்றைச் சமாளிக்க முடியவில்லை.

தூரத்துக்கு ஒரு கணக்கு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹன்சா போன்ற இரண்டு சீட் விமானத்துக்கு இறக்கை நுனிக்கு நுனி பத்து மீட்டர் சொச்சம். உங்களுடையது ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால், 200இல் அறுபது மீட்டர் தள்ளி இருந்தாலே முழு இறக்கையும் படத்தின் அகலத்தை நிறைத்துவிடும். அதே அளவு 70இல் வேண்டுமென்றால் இருபது மீட்டருக்கு வரவேண்டும். என் முடிவைச் சொல்கிறேன்: 135க்குக் கீழே போகாதீர்கள், 1/160இல் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இலையும் கால் வட்டம் விரியும், பனையோலை விசிறி மாதிரி. முழுத்தட்டு கிடைக்காது, பரவாயில்லை. எவ்வளவு பக்கம் என்பதை எதிர் விமானத்தின் பைலட் சொல்லட்டும். நீங்கள் கேட்கவே கேட்காதீர்கள். மேலே ஏறியதும் முதல் பத்துப் படத்தை 1/250இல் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு அப்புறம் 1/160க்கு இறங்குங்கள்.

கதவை ஒட்டி முழங்கையை ஊன்றாதீர்கள். என்ஜின் அதிர்வு அப்படியே கைக்கு ஏறிவிடும். முழங்கை விலாவோடு இருக்கட்டும். லென்ஸ் ஹுட், ஃபில்டர், மூடி எல்லாம் தரையிலேயே இருக்கட்டும். காற்றில் பிடுங்கிக்கொண்டு போனால் உங்கள் வாலில்தான் அடிக்கும். செஸ்னா 172 என்ற நான்கு சீட் விமானம் கிடைத்தால், ஜன்னலின் தாங்குகம்பியை மட்டும் மெக்கானிக் கழற்றிக் கொடுத்தால் போதும், பறக்கும்போது கண்ணாடியைக் காற்றே இறக்கையோடு தூக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இடத்துக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளம் இருக்கிறது, பார்ட்டனேவியா பி68 என்ற இரட்டை என்ஜின் சிறு விமானங்களை அங்கேதான் கட்டினார்கள். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். நம் பக்கத்துப் பாறைக்குன்றுகள் சூடேறிவிட்டால் காற்று தூக்கித் தூக்கிப் போடும். எதிர் விமானம் உங்களைவிடச் சற்றுத் தாழ்வாக வரட்டும், பின்னால் வெளுத்த வானத்துக்குப் பதில் மண் கிடைக்கும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடில்களின் வெள்ளைக் கூரைகள் பின்னணியில் வந்தால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து விமானம் கருத்துவிடும். வரிசை வரிசையாய்க் கோடு போட்ட மாந்தோப்புகள் வந்தால் விடாதீர்கள்.

அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஏறாதீர்கள். பறக்கும் விமானத்தில் இருந்து படமெடுக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்பது 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் 13ஆம் விதி. ஏறுவதற்கு முன் இரண்டு பைலட்டும் நீங்களும் தரையிலேயே நடந்து பாருங்கள்: யார் முன்னால், யார் யாரைப் பார்த்துக்கொண்டு பறப்பது, கண்ணில் இருந்து மறைந்தால் எந்தப் பக்கம் விலகுவது, எந்த ஒரு சொல்லுக்கு எல்லாம் நிற்கும். அந்தச் சொல்லை நீங்களும் சொல்லலாம் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அதுவரை வீட்டிலேயே பழகலாம். மாங்காய் ஏற்றுகிற மினி லாரியை என்ஜின் ஓட நிறுத்தச் சொல்லி, பின்னால் தொட்டியில் எதன்மேலும் சாயாமல் உட்காருங்கள். திண்ணையில் ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு 135இல், 1/160இல் நூறு படம் எடுங்கள். கூர்மையாக வந்தது எத்தனை என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.