தமிழ் வழியில் படித்து பி.எஸ்சி. வேதியியலில் திணறும் உசிலம்பட்டித் தம்பிக்கு

தம்பி, பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு மதுரையில் கல்லூரி சேர்ந்தீர்கள், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை, தமிழ் இலக்கியத்துக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடித்து மாறினால் சரி. பயந்து மாற வேண்டாம். நானும் திருமங்கலம் பக்கம் தமிழ் வழியில் படித்தவன்தான், முதல் செமஸ்டரில் இரண்டு அரியர்.

உங்களுக்குத் தெரியாதது வேதியியல் இல்லை, அதன் பெயர்கள். ஹைட்ரோலிசிஸ் என்றதும் மிரளுகிறீர்கள். நீராற்பகுப்பு என்று அதை ஏற்கெனவே படித்தாயிற்று. ஹைட்ரோ நீர், லைசிஸ் பிரிப்பது, இரண்டுமே கிரேக்கம். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் இது புதுச் சொல்தான்! நியூட்டன் 1687இல் வெளியான பிரின்சிபியா என்ற நூலை லத்தீனில் எழுதினார், ஐன்ஸ்டைன் 1905 கட்டுரைகளை ஜெர்மனில். ஆங்கிலம் அறிவியலில் முழுசாகக் கோலோச்சுவது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். ஆனால் இன்றைக்கு ஆய்வுக் கட்டுரை வாசிக்க அது வேண்டும், அதை மறைத்துப் பயனில்லை.

அரசுப் பாடநூல் பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியலைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். ஒரே பாடம், ஒரே படம். பக்கத்தில் பக்கம் வைத்து தினம் இரண்டு பக்கம் வாசியுங்கள். வீட்டில் சத்தம் என்றால் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகம் இருக்கிறது, ஏசி வேறு. அப்புறம், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். அங்கே டைட்ரேஷன், அதாவது கரைசலின் செறிவை அளந்து கண்டுபிடிப்பது, சொல்லித்தர மாட்டார்கள்.