கருங்கல்லும் கல் உப்பும்

வணக்கம் ஐயா,

வீட்டு முற்றத்தில் படியிலிருந்து சாமி மாடம் வரைக்கும் கல் பதிக்க ஆசை. கடையில் ஒரு பிளாஸ்டிக் அச்சு வாங்கி நானே சிமெண்டில் வார்த்தேன். கல்லாகவே தெரியவில்லை, மாரி பிஸ்கட்டை வரிசையாக அடுக்கியது மாதிரி இருக்கிறது. போதாததற்கு மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. மருமகன் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார். நிஜக் கல் போல வர வழி உண்டா?

வாசகி, வாக்வா, மொரீஷியஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

பெயிண்ட் வேண்டவே வேண்டாம். மருமகனிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள். வாக்வா மழைக்கு அது சீக்கிரம் உரியும், உரியும்வரை வழுக்கும்.

அந்த வெள்ளைப் பூப்பு கெடுதல் இல்லை. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிகிறது. காய்ந்த தூரிகையால் தேய்த்துவிடுங்கள், நாளாவட்டத்தில் குறையும்.

அச்சுதான் தொல்லை. கடைகளில் விற்பவை பெரும்பாலும் ஐரோப்பியத் தோட்டத்துக் கல்லின் சாயல். நம் தீவோ எரிமலை கக்கியது. கரும்புத் தோட்டங்களில் குவித்து வைத்திருக்கும் கற்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் ஓடிய கருப்பு, கோணல் விளிம்பு, மேலெல்லாம் பொடிப் பொடித் துளைகள். எரிமலைக் குழம்பு இறுகும்போது வாயுக் குமிழிகள் விட்டுப்போன இடங்கள் அவை. அந்தத் துளை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்குச் சமையலறைக் கல் உப்பே போதும். கலவையைக் கொட்டி மட்டம் செய்தபின், மேலே தேங்கிய நீரின் மினுமினுப்பு அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு உப்பை ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் விட்டுவிட்டும் தூவி, கொத்தனார் பூச்சைத் தேய்க்கும் மணியாசுப் பலகையால் பாதி புதையும்படி அழுத்துங்கள். மறுநாள் தண்ணீர் ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் உப்பு கரைந்து குழி நிற்கும். குளிரில் நீர் உறையும் நாடுகளில் இந்தக் குழிகளே கல்லை உடைத்துவிடும், நமக்கு அந்தக் கவலையில்லை. ஆனால் உள்ளே இரும்புக் கம்பி மட்டும் வைக்காதீர்கள், உப்புக்குத் துருப்பிடிக்கும்.

அச்சுக்குப் பதில் கல் வரவேண்டிய இடத்திலேயே மண்ணைத் தோண்டி அதிலேயே வார்த்துவிடுங்கள். ஆழம் 5 சென்டிமீட்டர் போதும். வடிவம் ஒன்றுபோல் ஒன்று இருக்கக்கூடாது. காய்ந்த மண் கலவையின் நீரை உறிஞ்சிவிடும், அதனால் குழியை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள்.

கலவை, ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு சின்ன ஜல்லி. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். குழைக்கச் சுலபம் என்று தாராளமாக ஊற்றினால் கல்லும் பலமிழக்கும், பூப்பும் கூடும். காயலில் மணல் அள்ளுவதை 2001இல் தடை செய்த பிறகு நமக்குக் கிடைப்பது கல்லை உடைத்த ராக்சாண்ட்தானே? கொத்தனார்கள் அலுத்துக்கொண்டாலும் இந்த வேலைக்கு அது வரம். மேல்தோல் சிமெண்டைத் தேய்த்து எடுத்தால் உள்ளிருந்து எட்டிப் பார்ப்பது நம் கருங்கல்லேதான்.

இன்னும் கருப்பு வேண்டுமானால் கருப்பு இரும்பு ஆக்சைடு பொடியை, சிமெண்ட் எடையில் நூற்றுக்கு 5க்கு மிகாமல், தண்ணீர் விடுமுன் கலந்துகொள்ளுங்கள். கல்லுக்குக் கல் அளவைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் வெளுக்கும். ஆக்சைடுக்குப் பதில் அடுப்புக்கரி கலந்தால் அது மழையில் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஈரச் சாக்கால் ஒரு வாரம் மூடி வையுங்கள். முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு. கையுறை இல்லாமல் சிமெண்டைத் தொடாதீர்கள், தோலைப் புண்ணாக்கிவிடும்.

கல்லுக்குக் கல் நடு மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் என்பது பொதுக் கணக்கு. தோண்டுமுன் ஈர மண்ணில் நீங்களே ஒருமுறை இயல்பாக நடந்து, பாதம் பதிந்த இடங்களில் குச்சி நட்டுக்கொள்ளுங்கள். கல்லின் மேல்மட்டம் புல்தரையைவிடத் துளி தாழ்ந்திருந்தால் புல்வெட்டும் இயந்திரம் தட்டாமல் போகும்.