மேலே மரக்கறித் தோட்டம், கீழே கிணறு: மீட்டர் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: நுவரெலியா மலைப்பக்கம் கந்தப்பளையில் இருக்கிறோம். கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். கரட், லீக்ஸ், சலாதுக்கும் அதையே பாய்ச்சுகிறோம். ஃபில்டர் விற்க வந்தவர் டீடீஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்து, "180தான், 500க்குக் கீழே, பயமில்லை" என்றார். வீட்டில் ஐந்து மாதப் பேரப்பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடுக்கிறோம். நம்பலாமா?

பதில்: பயிருக்கு நம்பலாம். பிள்ளையின் பாலுக்கு அந்தத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள்.

அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பின் மொத்த அளவை லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுகிறது. அது எந்த உப்பு என்று சொல்லாது. கிருமியைக் காட்டவே காட்டாது.

என்னை யோசிக்க வைப்பது அந்த 180தான். சுண்ணாம்புப் பாறை ஓடும் சில இடங்களை விட்டால், நம் மலைப் பாறை இலேசில் கரையாது; ஊற்றுத் தண்ணீரில் உப்பு குறைவாகவே இருக்கும். அதே மாதிரி மீட்டர் ஒன்றோடு மேலே ஏறி, தோட்டங்களையெல்லாம் தாண்டி, காட்டோரப் பீலியில் வைத்துப் பாருங்கள். அங்கே 40, உங்கள் கிணற்றில் 180 என்றால் மிச்சம் நடுவிலுள்ள நிலத்திலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்: உரம், கோழி எரு, மலசலகூடக் குழி.

இந்த மூன்றிலிருந்தும் வருவது நைத்திரேற்று. நிறமில்லை, மணமில்லை. இலங்கைக் குடிநீர்த் தரத்தில் (எஸ்எல்எஸ் 614) எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளின் இரத்தம் ஒட்சிசன் சுமப்பதை இது கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஆய்வுகூட அறிக்கை வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள்: "நைத்திரேற்று நைதரசனாக" என்று போட்டிருந்தால், அது நைத்திரேற்றிலுள்ள நைதரசனின் எடை மட்டும்தான்; அந்த எண்ணை 4.4ஆல் பெருக்கித்தான் 50உடன் ஒப்பிட வேண்டும். 12 என்று கண்டு நிம்மதியடைபவர்கள் இருக்கிறார்கள்; அது உண்மையில் 53.

அடுத்தது கிருமி. மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலி என்ற கிருமி 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கேட்டு, கிருமி நீக்கிய போத்தலை வாங்குங்கள். அதைக் கழுவாதீர்கள், மூடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள். ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். வறட்சியில் ஒருமுறை, பெருமழை பெய்த கையோடு ஒருமுறை எடுப்பது நல்லது; கழிவு கிணற்றுக்குள் இறங்குவது மழையோடுதான். முடிவு வரும்வரை பெரியவர்களும் கொதித்த தண்ணீரே குடியுங்கள். உங்கள் உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், அதனால் குமிழ் எழுந்த பிறகும் மூன்று நிமிடம் அடுப்பில் விடுங்கள். செங்கமாரிக் கிருமிக்கு அது போதும்.

தேத்தண்ணி மை போலக் கறுத்தாலோ, வாளியில் இரவு முழுக்க வைத்த தண்ணீர் செம்மஞ்சளாகப் படிந்தாலோ இரும்பு இருக்கிறது. குடிப்பதற்கு அது பெரிய ஆபத்தில்லை. சொட்டுநீர்க் குழாயைத்தான் அடைக்கும்.

பயிரைப் பொறுத்தவரை, 180 என்பது, பாசன நீரின் உப்பை அளக்கும் மின்கடத்தல் அலகில், மீற்றருக்கு ஏறத்தாழ 0.36 டெசிசீமன்ஸ். 0.7 வரை, உப்பு தாங்காத போஞ்சிக்கும் கரட்டுக்கும்கூடத் தொந்தரவில்லை. நைத்திரேற்று 50 இருந்தால் அதுவும் உரம்தான்: ஒரு ஏக்கருக்கு நாலு அங்குல உயரம் பாய்ச்சினால் சுமார் 10 கிலோ யூரியாவின் நைதரசன் தண்ணீரோடேயே போகிறது. அறிக்கையை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி அந்தளவு யூரியாவைக் குறையுங்கள். காசும் மிச்சம், கீழ்வீட்டுக் கிணற்றுக்கும் நல்லது. ஈ.கோலி இருப்பதாக வந்தால், பச்சையாகச் சாப்பிடும் சலாதுக்கு மேலிருந்து தெளிக்காமல் வேரடியில் மட்டும் விடுங்கள்.